ஓரி ஆண்ட மலையில் ஓர் அம்மையார்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவன் வல்வில் ஓரியே ஆவான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் தொடுத்த ஒரே அம்பு வேழத்தில் தொடங்கி உடும்பில் சென்று தங்கிய திறத்தைப் புறநானூறு போற்றுகிறது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்த செய்தியையும், கண்டாரை மயக்கும் கொல்லிப்பாவையைப் பற்றிய செய்திகளையும் சங்க நூல்களில் நாம் படிக்கிறோம். பிற்காலத்தில் அம்மலையில் உறையும் அறப்பளீசுவரரை முன்னிறுத்தி அம்பலவாணக் கவிராயர் சதகம் ஒன்று இயற்றினார். இவையெல்லாம் நம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் சொல்லப்பட்டு வருபவை.

சுற்றுலா என்று அம்மலைக்குச் செல்வோரும் ஏறத்தாழ இந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றனர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே பேருந்தில் மேலேறுவர். செம்மேட்டில் ஓரியின் சிலைமுன் நின்று படம் எடுத்துக்கொள்வர். ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஆகாய கங்கை அருவியில் நீராடிவிட்டு, ஏறும்போது மூச்சு வாங்குவர். பலாவும் அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவர். அம்மலையின் வாழவந்தியில் அருகருகே இரண்டு கல்லறைகள் இருப்பதை அறிந்து அங்குச் செல்பவர் மிகச் சிலரே. அக்கல்லறைகளுள் ஒன்றில் துயில்பவர் எவலின் பிராண்ட் அம்மையார். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் பிராண்ட் பாட்டி என்றே பெயர் பெற்ற அவருடைய வாழ்வைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கிறித்தவ ஊழியரின் வரலாற்றுக்கு நம் மலரில் இடம் எதற்கு என்று நம் பெரியோருள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தை நாம் குறை கூறவில்லை. அவர் சமயம் பரப்ப வந்தவர். அதை அவரும் மறைத்ததில்லை, நாமும் மறைக்க வேண்டுவதில்லை. அவர் கொள்கை அவருக்கு, நம் கொள்கை நமக்கு. ஆயினும் திருச்சியில் நத்ஹர் வலியும் நாகூரில் ஷாஹுல் ஹமீதும் அடங்கியிருக்கும் இடங்களுக்குச் சென்று வரும் நாம், பிறந்த மண்ணை விட்டு வந்து இந்த மண்ணிலேயே தங்கிவிட்டவர்களின் வாழ்வு எத்தகையது என்பதைச் சற்று நன்றாகவே உணரக்கூடியவர்கள். தவிரவும், வெள்ளையர் நம் நாட்டில் விட்டுச் சென்றவை எவை என்ற கேள்வி எழும்போது, மாளிகைகளையும் புகைவண்டிப் பாதைகளையும் மட்டுமே கணக்கில் சேர்ப்பது முழுமையாகாது.

மலைகளைப் பொறுத்தவரை ஆங்கிலேயர் நடந்துகொண்ட முறையை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த சல்லிவன் 1820களின் தொடக்கத்திலேயே உதகையில் கல் வீடு எழுப்பினார். அதே காலத்தில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்த, ஏற்காடு பின்னர் வெள்ளையரின் கோடை வாழிடமாக வளர்ந்தது. 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க ஊழியர்கள், சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சிக் கொடைக்கானலுக்கு ஏறினர். ஏரியும் மன்றங்களும் பூங்காக்களுமாக இன்று நாம் கண்டு களிக்கும் மலைநகரங்கள் பலவும் இவ்வாறு உடல்நலம் தேடியவர்களால் உருவானவையே.

கொல்லிமலைக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. உயரமும் குளிர்ச்சியும் அதற்கும் உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மலை அது. ஆனால் அங்கே மலேரியாக் காய்ச்சல் குடிகொண்டிருந்தது. ஏறிச் சென்றவர் காய்ச்சலுடன் இறங்குவர் என்பது சமவெளியில் நிலவிய அச்சம். கீழேயுள்ள ஊர்களிலிருந்து கூலிக்குக்கூட எவரும் மேலேறத் தயங்கினர். ஆகவே கொல்லிமலையில் மாளிகைகள் எழவில்லை. பிற மலைகளுக்கு வெள்ளையர் நோய்க்கு அஞ்சி ஏறினர். இம்மலைக்கு நோயை நோக்கியே இருவர் ஏறினர். இந்த வேறுபாடு ஒன்றே அவர்களைப் பற்றி எழுதப் போதிய காரணம் என்று கருதுகிறோம்.

எவலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879இல் இங்கிலாந்தில் பிறந்தார். இலண்டன் மாநகரில் வாழ்ந்த செல்வ வணிகக் குடும்பம், உடன்பிறந்தார் பலர். ஏவலர் சூழ்ந்த இல்லம், நல்லாடை, இசை, இறைப்பற்று ஆகிய அனைத்தும் அங்கு நிறைந்திருந்தன. எவலின் ஓவியம் பயின்றவர். டர்னர் என்னும் ஆங்கில ஓவியரின் ஒளிமிகுந்த ஓவியங்களில் மனம் தோய்ந்தவர். திருமணமாகாமல் தந்தையின் இல்லத்திலேயே வயது முப்பதை எட்டிய நிலையில், இந்தியாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஜெஸ்ஸி மான் பிராண்ட் என்னும் இளைஞரின் உரையை அவர் கேட்க நேர்ந்தது. மருத்துவர் ஒருவர்கூட எட்டிப் பார்த்திராத கொல்லி என்னும் மலையைப் பற்றியே அவர் பேசினார்.

ஜெஸ்ஸி எவலினைவிட ஆறு ஆண்டு இளையவர். கட்டடத் தொழில் கற்றவர். வெப்ப நாடுகளுக்குரிய மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி பெற்றவர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சபையின் சார்பில் 1907இல் இந்தியா வந்தவர். எவலினும் அதே சபையின்வழிச் சென்னைக்கு வந்து தமிழ் கற்கத் தொடங்கினார். முப்பது வயதுக்குமேல் வல்லின மெல்லினங்களோடு போராடுவது எளிதன்று என்பதை, அயல்மொழி எதையேனும் காலம் தாழ்ந்து கற்கப் புகுந்தவர் அறிவர். 1913ஆம் ஆண்டு கொல்லிமலை அடிவாரத்திற்கு அண்மையிலுள்ள சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. அன்றே மணமக்கள் மலையேறினர். அப்போது பாதை என்பது செங்குத்தான ஒற்றையடித்தடமே. டோலியிலும் கால்நடையாகவும் ஏறுகையில் மழை பிடித்துக்கொண்டது. இலண்டன் செல்வர் வீட்டுப் பெண் மணக்கோல ஆடை நனைந்து சேறாகி, இருட்டிய பின்னரே தம் புதுமனையைக் கண்டார்.

அம்மனை ஜெஸ்ஸி தம் கையால் கட்டியது. சமவெளியிலிருந்து ஆட்கள் தலைச்சுமையாக ஏற்றிய மரப்பலகைகளைக் கொண்டு, கறையான் ஏறாதபடி தூண்களின்மேல் தூக்கி நிறுத்தப்பட்ட எளிய வீடு. மின்விளக்கும் குழாய் நீரும் இல்லை. தபால் கீழிருந்து ஏறி வரவேண்டும். உதகையில் ஆளுநர் மாளிகையில் விருந்துகள் நடைபெற்ற அதே காலத்தில் அதே ஆட்சியாளரின் இனத்தார் இருவர் இப்படி வாழ்ந்தனர் என்பதை இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

மலைவாழ் மக்களைப் பற்றி ஒரு சொல். கொல்லிமலைவாசிகள் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் இது. கேரளத்தாரோடு தொடர்பு இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று மலையே பல நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் தலைவரும் கட்டுப்பாடும் உண்டு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்துத் தங்கள் போக்கில் வாழ்ந்த அம்மக்கள், புதிதாக வந்த வெள்ளையரை ஏற்கத் தயங்கினர். கோயில் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். எதிர்த்ததில் வியப்பொன்றும் இல்லை. முன்னோர் வழிபாட்டைக் காக்கும் பொறுப்பு அவருடையது. வந்தவரோ அதை மாற்ற வந்தவர். அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்திருப்பர்.

ஆனால் நோய்க்கு அத்தகைய வேற்றுமை இல்லை. பிராண்ட் தம்பதியர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தனர், புண்களைக் கழுவிக் கட்டினர், பல் பிடுங்கினர். இவற்றுள் நரம்புச் சிலந்தி என்னும் நோய்க்கு அவர்கள் செய்த பணியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இன்றைய மாணவர்களுள் இந்நோயின் பெயரைக் கேட்டவர்கூட அரியர்.

நரம்புச் சிலந்தி என்பது நூல் போன்று மெலிந்து, இரண்டு மூன்று அடி நீளம் வளரும் ஒரு புழு. ஏறத்தாழ ஓராண்டு உடலுக்குள் வளர்ந்தபின், பெரும்பாலும் காலில் கொப்புளம் எழுப்பித் தலைநீட்டும். எரிச்சல் தாளாமல் நோயாளி காலை நீரில் நனைத்தவுடன், புழு ஆயிரக்கணக்கான நுண்குஞ்சுகளை அந்நீரில் உமிழும். சைக்ளாப்ஸ் எனப்படும் கண்ணுக்கு எட்டாச் சிறு நீருயிரி அவற்றை விழுங்கும். அந்நீரை வடிகட்டாமல் குடிப்பவர் உடலில் மீண்டும் புழு வளரும். மக்கள் படியிறங்கிக் காலை நனைத்து நீர் மொள்ளும் கிணறுகளும் ஊற்றுகளுமே இந்நோயின் இருப்பிடம். வெளிப்பட்ட புழுவைச் சிறு குச்சியில் சுற்றி நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக, அறுந்துவிடாமல் இழுக்க வேண்டும். அறுந்தால் உள்ளே சீழ்பிடித்துக் கால் முழுவதும் வீங்கிவிடும்.

ஜெஸ்ஸி இவ்வாறு புழுக்களைச் சுற்றி எடுத்ததைச் சிறுவனாயிருந்த அவர் மகன் அருகிலிருந்து கண்டிருக்கிறார். ஆனால் எடுத்ததைவிட முக்கியமானது தடுத்தது. கட்டடத் தொழில் அறிந்தவராதலின், கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பவும், எவரும் நீரில் கால் வைக்காமல் வாளியால் மொள்ளவும் மக்களைப் பழக்கினார். மருந்தே இல்லாத நோய் சுவரினால் குறைந்தது. பிற்காலத்தில் இந்திய அரசு இந்நோயை ஒழித்தபோதும் கையாண்ட வழி இதுவேதான்: படிக்கிணறுகளை மாற்றுதல், நீரை வடிகட்டுதல், எடுத்துச் சொல்லுதல். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டு நம் நாடு இந்நோயற்றதென உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது.

கிணற்றுச் சுவருடன் அவர்கள் நிற்கவில்லை. மரவேலையும் செங்கல் அறுத்தலும் கற்பித்தனர், பள்ளிகள் திறந்தனர், ஆரஞ்சு முதலிய பழமரங்களை நட்டனர். ஒருவர் நட்ட மரத்தின் கனியை மனிதரோ பறவையோ விலங்கோ உண்டாலும் அது நட்டவருக்குத் தருமமாகும் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை அறிந்த நமக்கு, இதன் சிறப்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1914இல் மகன் பால் பிறந்தார்; பின்னர் மகள் கான்னி. பிள்ளைகளுக்கு ஆசிரியை தாயே. பால் வகுப்பறைக்குள் அடங்காத பிள்ளை. மரக்கிளையில் அமர்ந்து கணக்குப் போட்டுத் தாளைக் கீழே போடுவார். கீழே நிற்கும் தாய் எடுத்துத் திருத்துவார். நம் ஆசிரியப் பெருமக்கள் இதைப் படித்து என்ன எண்ணுவார்களோ தெரியாது. அப்பிள்ளையோ பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவரானார்.

முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் கோடிக்கணக்கானவரை மாய்த்த இன்ஃபுளூயன்சாக் காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை. சில குடிகளில் அடுப்பு மூட்டவும் ஆளில்லாமல் போயிற்று. எவலினும் ஜெஸ்ஸியும் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராக, குடிசை குடிசையாகக் கொண்டுபோய் ஊட்டினர். இவர்களை எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் அக்காய்ச்சலில் படுத்தனர். இருவரும் இறக்கும் தறுவாயில், தம் பெண் குழந்தையை வளர்க்கும் பொறுப்பைப் பூசாரி பிராண்ட் தம்பதியரிடமே ஒப்படைத்தார். மற்றவர்கள் அஞ்சி விலகியபோது வந்து நின்றவர்கள் இவர்கள் என்பதே அவர் கண்ட காரணம். ரூத் எனப் பெயரிடப்பட்ட அக்குழந்தையை எவலின் தம் மகளாகவே வளர்த்தார். மலைமக்களுள் பலர் அவர்களை நாடத் தொடங்கியது அதன் பின்னரே. அன்பினால் நெருங்கினார்களா, கொள்கையை ஏற்று நெருங்கினார்களா என்று பிரித்துக் காட்ட நம்மால் இயலாது. இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

அவர்களும் அச்சமற்றவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலின் சிறுவயதில் தொழுநோயாளர் மூவர் அவர்கள் வீட்டுக்கு வந்தனர். ஜெஸ்ஸி கையுறை அணிந்து அவர்கள் கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். எவலின் ஒரு கூடையில் உணவு வைத்துக் கொடுத்தார். அவர்கள் கூடையை விட்டுச் சென்றபின், பிள்ளைகள் அதைத் தொடாதபடி தடுத்து, கூடையையே தீயிலிட்டுக் கொளுத்தினர். பிள்ளைகளைச் சுடுநீரில் குளிப்பாட்டினர். அக்காலத்தில் தொழுநோய் பற்றிய அறிவு அவ்வளவே. அக்கூடை எரிந்ததைக் கண்ட சிறுவன் அதை மறக்கவில்லை.

1923இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. படிப்புக்காகப் பாலையும் கான்னியையும் இலண்டனில் எவலினின் சகோதரிமாரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினர். ஒன்பது வயது மகனைப் பிரிந்த தாயின் நிலையை, வெளிநாடுகளில் பொருளீட்டச் சென்று பிள்ளைகளைக் கடிதத்தில் வளர்த்த நம் குடும்பங்கள் நன்கு அறியும். ஜெஸ்ஸி தவறாமல் மகனுக்குக் கடிதம் எழுதினார். மலையின் பறவை, மரம், பூச்சி யாவும் அக்கடிதங்களில் இடம்பெற்றன.

1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலில் விழுந்தார். அது மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சல். குருதியின் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கருக்கும். அன்று அதற்கு மருத்துவமில்லை. நாற்பத்து நான்காம் வயதில் அவர் காலமானார். மலைமக்களே அவரை வாழவந்தியில் அடக்கம் செய்தனர். தந்தி இலண்டனை உடனே அடைந்தது. கப்பலில் புறப்பட்டிருந்த தந்தையின் கடிதங்களோ அதன் பின்னரும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பதினைந்து வயதை எட்டவிருந்த பால், இறந்துவிட்ட தந்தை எழுதிய கடிதங்களை வாரந்தோறும் பிரித்துப் படித்தார்.

எவலின் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தபோது, கப்பலிலிருந்து இறங்கிய கூனிய, நரைத்த பெண்மணியைத் தம் தாய் என்று பாலால் முதலில் நம்பவே இயலவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பது. உறவினர் அனைவரும் இனி இங்கேயே தங்கிவிடும்படி வற்புறுத்தினர். அவர் தங்கவில்லை. ஜெஸ்ஸி தம் வாழ்நாளில் ஐந்து மலைத்தொடர்களுக்குச் செல்ல எண்ணியிருந்தார். கொல்லி ஒன்றே முடிந்திருந்தது. பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி முதலியவை எஞ்சியிருந்தன.

எவலின் இந்தியா திரும்பினார். ஆனால் சபை அவரை அவர் விரும்பியபடி மலைகளில் விடவில்லை. சமவெளியிலும் பணிக்கு அமர்த்தியது. ஆண்டுகள் பல கழிந்தன. 1947இல் நம் நாடு விடுதலை பெற்றபோது அவருக்கு வயது 68. ஆட்சி மாறியது, வெள்ளையர் பலர் மூட்டை கட்டினர். சபையும் அவருக்கு ஓய்வளிக்க முடிவு செய்தது. மேலும் ஒரு தவணை நீட்டிக்க வேண்டினார்; மறுத்தனர். ஓராண்டேனும் தருமாறு வேண்டிப் பெற்றார். அந்த ஆண்டு முடிந்து, விடைபெறும் நேரத்தில்தான் தம் திட்டத்தை வெளியிட்டார். சபையின் பணியிலிருந்து ஓய்வு பெறுவது உறுதி. ஆனால் ஊர் திரும்பப் போவதில்லை. தனியாளாக மலைக்கே போகிறேன் என்பதே அது. தடுக்க அவர்களுக்கு இனி உரிமை இல்லை.

அவருடைய வரலாற்றில் நம்மை மிகவும் ஈர்ப்பது இந்தக் கட்டமே. இதற்குமுன் அவர் வந்தது அவர் இனத்தார் ஆண்ட நாட்டுக்கு. ஒரு சபையின் ஊதியத்துடன், கணவரின் துணையுடன். இப்போதோ ஆட்சியும் சபையும் துணையும் பின்னால் இல்லை. எழுபதை எட்டும் முதியவள் ஒருத்தி, மலைமக்கள் ஏற்றுக்கொண்டால் மட்டுமே இருக்க முடியும் என்ற நிலையில் ஏறினாள். காலனி ஆட்சி விட்டுச் சென்றவற்றுள் அவரைச் சேர்ப்பதா, கூடாதா என்று நம் மாணவர்கள் விவாதிக்கட்டும். ஆட்சி போனபின்னும் தங்கியவரை அந்தக் கணக்கில் எழுதுவது அவ்வளவு எளிதன்று என்பது நம் எண்ணம்.

சிறு குடில் ஒன்று கட்டிக்கொண்டார். மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகச் சென்றார். மருந்து கொடுத்தல், புண் கட்டுதல், நரம்புச் சிலந்தியை எடுத்தல், எழுத்தறிவித்தல், சமயம் பேசுதல் என்று பழைய பணிகளே தொடர்ந்தன. கொல்லியிலிருந்து பிற மலைகளுக்கும் சென்றார். கணவர் எண்ணிய ஐந்து மலைத்தொடர்களிலும் அவர் காலடி பட்டது. குதிரையிலிருந்து விழுந்து எலும்பு முறிவது அவருக்குப் பழகிப்போன ஒன்றாயிற்று.

எழுபத்தைந்தாம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தார். காலையில்தான் ஆள் வந்து பார்த்தது. நால்வர் கயிற்றுக் கட்டிலில் வைத்து மலைச்சரிவில் தூக்கி இறங்கினர். அங்கிருந்து ஜீப்பில், குண்டும் குழியுமான சாலையில் ஏறத்தாழ 150 மைல் தொலைவு மருத்துவமனைக்குப் பயணம். மகன் பால் பின்னர் மலைக்கே சென்று, ஒரு மருத்துவராகவும் மகனாகவும் வாதாடிப் பார்த்தார். இனி ஓய்வெடுக்க வேண்டும், வயதாகிவிட்டது என்றார். தாமும் போய்விட்டால் இவ்வூர்களுக்கு மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்ட தாய், தேவைப்படும் இடத்தில் பயன்படாத உடலைக் காத்து வைப்பதில் பொருள் இல்லை என்று வாதத்தை முடித்துவிட்டார். அதன்பின் இரு மூங்கிற் கோல்களை ஊன்றியே நடந்தார். தொண்ணூற்று மூன்றாம் வயதில்தான் குதிரையேற்றத்தை விட்டார். அதன்பின் மலைமக்கள் அவரைத் தூளியில் வைத்து ஊருக்கு ஊர் தூக்கிச் சென்றனர்.

இறுதி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளாதிருந்தார். ஒருகாலத்தில் அழகையே தேடி ஓவியம் தீட்டிய பெண் அவர் என்பதை நினைத்தால் இச்செய்தியின் கனம் புரியும்.

மகன் பாலைப் பற்றி விரிவாக எழுத இங்கு இடமில்லை. தந்தையைப் போலவே முதலில் கட்டடத் தொழில் பயின்று, பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தேய்வது சதை அழுகுவதால் அன்று, நரம்பில் உணர்ச்சி அற்றுப்போய், சுட்டாலும் வெட்டினாலும் அறியாமையால் நேரும் காயங்களால்தான் என்பதை எடுத்துக் காட்டினார். தசைநாண்களை இடமாற்றி, மடங்கிப்போன கைகளை மீண்டும் விரியச் செய்தார். கையுறை அணிந்த தந்தையின் கைகளையும் எரிந்த கூடையையும் கண்ட பிள்ளை, அதே நோயாளரின் கைகளை வெறுங்கையால் பற்றிச் செய்த பணி அது. 1966இல் அமெரிக்காவுக்குச் சென்ற அவர் 2003இல் மறைந்தார்.

கொல்லிமலையின் படிக்கட்டு வயல்களில் தம் வாழ்வின் முதற்பாடம் ஒன்றைக் கற்றதாகப் பால் பின்னாளில் எழுதியிருக்கிறார். தோழர்களுடன் தவளை பிடிக்கிறோம் என்று நெல் வயலைக் கலக்கிவிட, சேற்று நீர் வரப்பைத் தாண்டிக் கீழே வழிந்தது. அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் சிறுவர்களை அழைத்து, ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டினார். இந்தப் பிடி மண் ஆண்டுதோறும் நெல் தரும். தம் பேரர்க்கும் அவர்தம் பேரர்க்கும் தரும். வரப்பைத் தாண்டிப் போய்விட்டால் மலைக்கு மீண்டும் ஏறி வராது என்று விளக்கினார். கற்பிக்க வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு மலை கற்பித்த பாடம் இது.

எவலின் அம்மையார் 1974 டிசம்பர் 18ஆம் நாள், தம் 95ஆம் வயதில் காலமானார். உடல் வாழவந்திக்குக் கொண்டு வரப்பட்டது. மலைமக்கள் பெருந்திரளாகக் கூடினர். 45 ஆண்டுகளுக்கு முன் ஜெஸ்ஸி அடங்கிய இடத்தின் அருகிலேயே குழி தோண்டப்பட்டது. தம் அடக்கம் எப்படி நடைபெற வேண்டுமென்று அவர் முன்னரே சொல்லி வைத்திருந்தார். கிறித்தவ வழக்கப்படி மரப்பெட்டி செய்யவில்லை. ஒரு பருத்தித் துணியில் பொதிந்து, உடல் மண்ணோடு மண்ணாகி மலைக்கே பயன்படும்படி நேரே மண்ணில் வைத்தனர். கஃபன் துணியுடன் ஜனாஸாவை மண்ணில் இறக்கிப் பழகிய நம்மவர் எவரேனும் அன்று அங்கே நின்றிருந்தால், தாமும் முன்வந்து மூன்று பிடி மண் இட்டிருப்பார்.